கோஸ்ட் ஆஃப் சுஷிமா

கோஸ்ட் ஆஃப் சுஷிமா என்பது அமெரிக்காவின் சக்கர் பஞ்ச் நிறுவனம் உருவாக்கிய நிகழ்பட ஆட்டம் ஆகும். இது 2020 ஜூலையில் பிளேஸ்டேஷன் 4 கருவிக்காக வெளிவந்தது. 1274-இல் மங்கோலியப் படை ஜப்பானின் சுஷிமா தீவில் இறங்கிய நிகழ்வே இதன் கதைக்களம்.

கொமோடா கடற்கரைப் போரில் உயிர் தப்பிய ஜின் சகாய் என்னும் சாமுராயை ஆடுபவர் இயக்குகிறார். வாள் வீரன், கேடயம் தாங்கியவன், ஈட்டிக்காரன் என எதிரிக்கு ஏற்றபடி வாள் பிடிக்கும் நிலையை மாற்ற வேண்டும். போக வேண்டிய இடத்தை அம்புக்குறிக்குப் பதிலாகக் காற்று காட்டுகிறது. புல் சாயும் திசையில் குதிரையைச் செலுத்தினால் போதும். அழகான ஏற்பாடு இது.

நேருக்கு நேர் நின்று போரிடுவதே அறம் என்று பயின்ற ஜின், மக்களைக் காக்க மறைந்திருந்து தாக்கத் தொடங்குகிறான். அவனை வளர்த்த மாமன் ஷிமுராவே அதை ஏற்க மறுக்கிறார்.

மாணவர்கள் இதை வரலாறாகக் கொள்ளலாகாது. ஜின் கற்பனைப் பாத்திரம். அவன் இயற்றும் ஹைக்கூ பல நூற்றாண்டுகள் பிந்திய வடிவம். உண்மையில் தீவைக் காக்க முயன்றவர் சோ சுகெகுனி. ஏறத்தாழ 80 குதிரை வீரர்களுடன் எதிர்த்து நின்று அவர் மாண்டார்.

2020 செப்டம்பரில் வீசிய புயலில் சுஷிமாவின் வதத்சுமி கோயிலில் தோரி எனப்படும் நுழைவாயில் ஒன்று விழுந்தது. அதை மீண்டும் எழுப்ப இவ்வாட்டத்தின் ரசிகர்கள் பலர் நன்கொடை அளித்தனர்.