வலியில்லாமல் நெரியும் தண்டுவடம்

கையை முன்னால் நீட்டுங்கள். விரல்களை இறுக மடக்கி, முழுவதுமாக விரியுங்கள். 10 விநாடியில் எத்தனை முறை முடிகிறது? 20 வந்தால் சரி. மூட்டுவாதம் போன்ற காரணம் இல்லாமலேயே எண்ணிக்கை குறைந்தால், மருத்துவரின் கவனம் விரலை விட்டுக் கழுத்துக்குப் போகும். 1987-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த சோதனை இது. கழுத்துக்குள் தண்டுவடம் நெரிபடுகிறதா என்று அறிய முதல் துப்பு.

கை, கால், சிறுநீர்ப்பை எல்லாவற்றுக்கும் மூளையின் கட்டளை தண்டுவடம் வழியாகத்தான் இறங்குகிறது. கழுத்தெலும்புகளுக்குள் அது செல்லும் பாதையின் முன்பின் அகலம் சாதாரணமாக 17 மில்லிமீட்டர் அளவு. வயது ஏற ஏற டிஸ்க் பிதுங்கும், எலும்பு ஓரத்தில் முள் வளரும், பிணைநார் தடிக்கும். பாதை 13 மில்லிமீட்டருக்குக் கீழே சுருங்கியவர்களுக்கு ஆபத்து அதிகம். கழுத்து குனிந்து நிமிரும்போதெல்லாம் தண்டுவடம் அழுந்தும். அதன் ரத்த ஓட்டமும் குறையும்.

நரம்பு வேர் நசுங்கினால் கையில் சுளீரென்று வலி இறங்கும். உடனே டாக்டரிடம் ஓடுவோம். தண்டுவடம் நசுங்கும்போது பலருக்கு வலியே இருக்காது. சட்டைப் பொத்தான் போட வராது. நடக்கையில் தள்ளாடும். செருப்பு கழன்று போனதே தெரியாது. நிலைமை சில மாதம் அப்படியே நிற்கும், திடீரென்று ஒரு படி இறங்கும். 'வயசாகிவிட்டது', 'சுகர் நரம்பைப் பிடித்துவிட்டது' என்ற சமாதானங்களில் ஆண்டுகள் கழிந்துவிடுவதும் உண்டு.

முழங்காலில் சுத்தியலால் தட்டும்போது கால் வழக்கத்தைவிட வேகமாக உதறுவது முக்கியத் தடயம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நெருக்கடியைக் காட்டும். ஆனால், எந்தத் தொந்தரவும் இல்லாத பலரின் ஸ்கேனிலும் சுருக்கம் தெரிவதால், படத்தை மட்டும் பார்த்து யாரும் கத்தியை எடுப்பதில்லை.

பாதிப்பு லேசாக இருந்தால் பிசியோதெரபியோடு கண்காணிக்கலாம்; கூடினால் அறுவை சிகிச்சை. நடுத்தர, கடும் பாதிப்புக்கு 2017-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் அறுவை சிகிச்சையையே பரிந்துரைக்கிறது. கழுத்தின் முன்பக்கமாகச் சென்று டிஸ்க்கை எடுத்து எலும்புகளை இணைப்பது ஒரு முறை. பின்பக்க எலும்பு வளைவை ஒருபுறம் அறுத்து, கதவுபோலத் திறந்து இடம் உண்டாக்கும் லேமினோபிளாஸ்டி இன்னொன்று. பிணைநாரே எலும்பாக இறுகும் கோளாறு அதிகமுள்ள ஜப்பானில் 1970களில் உருவானது அது. எதுவானாலும் முதல் நோக்கம், கேடு மேலும் வளராமல் தடுப்பது. இழந்ததில் ஒரு பகுதி பலருக்குத் திரும்பும். செத்துப்போன நரம்புச் செல் திரும்பாது.

முதுகெலும்புக்குப் பரவும் புற்றுநோயும் காசநோயும் தண்டுவடத்தை வயதால் வரும் மாற்றங்களைவிட வேகமாக நெரிக்கக்கூடும். காசநோய்க்குப் பெரும்பாலும் மருந்தே அடிப்படை. புற்றுநோயில் வீக்கம் குறைக்க ஸ்டீராய்டு, பிறகு கதிர்வீச்சு. தகுந்தவர்களுக்கு அதோடு அறுவை சிகிச்சையும் சேர்ந்தால் பலன் கூடுகிறது. 101 பேரிடம் நடந்து 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இரண்டும் பெற்றவர்களில் 84 சதவீதம் பேர் சிகிச்சைக்குப் பின் நடந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம்.

கால் திடீரென்று வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கை தடுமாறுபவர்கள் சலூனில் கழுத்தைச் சொடுக்கு எடுக்கக் கொடுக்கக் கூடாது. நரம்பியல் மருத்துவரிடம் வலியைப் பற்றி மட்டுமல்ல, பொத்தானையும் செருப்பையும் பற்றியும் சொல்லுங்கள்.