பெயரைக் கேட்டு மிரளாதீர்கள், இருப்பிடத்தைப் பாருங்கள்!

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் 'புரியாத ஆசாமிகள்' யார்?

மும்பையில் சாலில் குடியிருக்கும் தமிழர், மாடிப்படியில் ஒரு புது முகத்தைக் கண்டால் என்ன செய்வார்? பெயரை மட்டும் கேட்டுவிட்டு விடமாட்டார். "எந்த ரூம்? யார் வீட்டுக்கு வந்தீர்கள்?" என்றுதான் விசாரிப்பார். பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லலாம். இருப்பிடத்தை மாற்றிச் சொன்னால் பிடிபட்டுப் போவார்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதே விசாரணைதான் பொருந்தும்.

தாராவியோ, மாதுங்காவோ, செம்பூரோ, பல வீடுகளில் இன்று கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பிள்ளைகளின் படிப்பு, ஊருக்குப் போக ரயில் டிக்கெட், பெற்றோருக்குப் பணம் அனுப்புவது எல்லாம் அதன் மூலமே நடக்கின்றன. ஒரு நாள் அது திடீரென்று மந்தமாகிறது. உள்ளே இருக்கும் விசிறி இரைகிறது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கட்டைகளையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மானேஜர்' திறக்கிறது. அதிலே வரிசை வரிசையாகப் பெயர்கள்! நூறையும் தாண்டும். பெரும்பாலானவை வாயில் நுழையாதவை. இவற்றில் வீட்டுக்காரர் யார், திருடன் யார்?

கரடிப் பொம்மை செய்த கலாட்டா

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 2002-ம் ஆண்டில் நடந்த கூத்து ஒன்றே போதும். கம்ப்யூட்டரில் கரடிப் பொம்மைப் படம் போட்ட ஒரு பைல் இருந்தால் அது வைரஸ், உடனே அழித்துவிடுங்கள் என்று ஒரு ஈமெயில் பல நாடுகளில் சுற்றியது. தேடிப் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்னபடியே கரடி உட்கார்ந்திருந்தது! அழித்தார்கள், நண்பர்களுக்கும் எழுதினார்கள். உண்மையில் அது விண்டோஸுடன் வந்த நல்ல பைல். 'ஜாவா' புரோகிராம் எழுதுகிறவர்களுக்காக வைக்கப்பட்டது. 2001-லும் வேறொரு நல்ல பைலுக்கு இதே கதி நேர்ந்தது. சாதாரண மக்களுக்கு அந்த இரண்டும் அவ்வளவாகத் தேவைப்படாததால் பெரிய சேதம் இல்லை. விண்டோஸ் இயங்கத் தேவையான பைலை அழித்திருந்தால் கம்ப்யூட்டரே எழுந்திருக்காது.

சும்மா இருப்பவரும், சீருடைக்காரர்களும்

பட்டியலில் பலரையும் பயமுறுத்துவது 'சிஸ்டம் ஐடில் புராசஸ்'. சில சமயம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் காட்டும். "இவன்தான் எல்லாவற்றையும் விழுங்குகிறான்" என்று தோன்றும். ஆனால் அது கம்ப்யூட்டரின் மூளை சும்மா இருக்கும் நேரத்தின் கணக்கு. அந்த எண் பெரிதாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

அடுத்தது 'எஸ்விசிஹோஸ்ட்'. இதே பெயரில் பத்து, இருபது, ஐம்பது என்று ஓடும். ரயில் நிலையத்தில் ஒரே சிவப்புச் சட்டையில் பல போர்ட்டர்கள் நிற்பதில்லையா? அதுபோலத்தான். ஒருவர் ஒலியைக் கவனிப்பார். ஒருவர் இணையத் தொடர்பைப் பார்ப்பார். இன்னொருவர் விண்டோஸின் புதிய திருத்தங்களைக் கொண்டுவருவார். முன்பு ஒருவரே பல மூட்டைகளைச் சுமந்தார். 2017-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, மூன்றரை ஜி.பி.க்கு மேல் நினைவகம் உள்ள கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் ஆளுக்கு ஒரு மூட்டைதான். ஆகவே எண்ணிக்கை கூடியிருக்கிறதே என்று கலங்க வேண்டியதில்லை.

வேஷக்காரனைப் பிடிப்பது எப்படி?

திருடனும் இதே சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரலாம். வைரஸ் எழுதுகிறவர்கள் விண்டோஸின் சொந்தப் பெயர்களையே தங்கள் பைலுக்குச் சூட்டுகிறார்கள். ஓர் எழுத்தை மாற்றியும் ஏமாற்றுவார்கள். பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் 'எல்சாஸ்' என்ற நல்ல புரோகிராமின் பெயரில் முதல் எழுத்து ஆங்கிலச் சிறிய 'எல்'. அதற்குப் பதில் பெரிய 'ஐ' போட்டால் இரண்டும் ஒரே கோடாகத்தான் கண்ணுக்குத் தெரியும்.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். சந்தேகப்படும் பெயரின் மீது மௌஸின் வலது பொத்தானை அழுத்தி, 'ஓப்பன் பைல் லொகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது குடியிருக்கும் வீடு தெரிந்துவிடும். எஸ்விசிஹோஸ்ட், எல்சாஸ் ஆகியவற்றின் வீடு சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் 'சிஸ்டம்32'. 'எக்ஸ்புளோரர்' மட்டும் நேரே விண்டோஸ் போல்டரிலேயே இருக்கும். இந்தப் பெயர்களில் ஒன்று 'டெம்ப்', 'டவுன்லோட்ஸ்' போன்ற இடங்களிலிருந்து ஓடினால் உஷாராக வேண்டும்.

அடுத்து அதே பைலின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பக்கத்தைப் பாருங்கள். தயாரித்த கம்பெனியின் முத்திரை அங்கே இருக்கும். நல்ல புரோகிராம்கள் சிலவற்றில் இந்தப் பக்கம் இருக்காது. ஆகையால் முத்திரை இல்லை என்பதற்காகவே தண்டனை கொடுத்துவிடக் கூடாது. இடமும் தவறு, முத்திரையும் இல்லை, கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும்போதும் அந்தப் பெயர் மூளையை உறிஞ்சுகிறது என்றால் சந்தேகம் வலுக்கிறது. பிறர் கம்ப்யூட்டரின் உழைப்பைத் திருடி 'கிரிப்டோ' நாணயம் சேர்க்கும் புரோகிராம்கள் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

அப்போதும் கையால் அழிக்காதீர்கள். விண்டோஸுடன் இலவசமாகவே வரும் 'டிபெண்டர்' மூலம் முழுச் சோதனை செய்யுங்கள். திருட்டு சாப்ட்வேரைத் திறக்கும் 'கிராக்' பைல்களுடன் இத்தகைய கள்வர்கள் சேர்ந்து வருவதுண்டு. லாமிங்டன் ரோடிலோ வேறெங்கோ பழைய கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள், விண்டோஸை முறையாகப் புதிதாகப் போட்ட பிறகே பாங்குக் கணக்கைத் திறப்பது நல்லது.

போனில் வரும் டாக்டர்

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து போனில் வருகிறது. "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது" என்று யாரோ பேசுவார். பட்டியலைத் திறக்கச் சொல்லி, "இந்தப் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாதல்லவா? அதுதான் வைரஸ்" என்பார். உதவி செய்வதாகச் சொல்லி, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் புரோகிராம் ஒன்றைப் போடச் சொல்வார். போட்டால் வீட்டுச் சாவியை நாமே கொடுத்த கதைதான். வருஷக்கணக்கில் மிச்சம் பிடித்த பணம் சில நிமிஷங்களில் போய்விடும்.

நாம் கேட்காமல் மைக்ரோசாப்ட் யாருக்கும் இப்படிப் போன் செய்வதில்லை. அதன் எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பரும் இருக்காது. ஏமாந்துவிட்டால் முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். பாங்குக்குச் சொல்லுங்கள். தாமதிக்காமல் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

தெரியாத பெயர் பட்டியலில் இருப்பது குற்றமல்ல. அந்தப் பெயர் நமக்குத் தெரியவில்லை என்பதை வைத்துப் பயமுறுத்துகிறாரே, அவரைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.