நாரி நோவுக்குக் கத்திதான் முடிவா?

உணவகக் குசினிகளிலும், துப்புரவுப் பணிகளிலும், பொதிகளை ஏற்றியிறக்கும் களஞ்சியங்களிலும் ஆண்டுக்கணக்காக உழைத்துவரும் எம்மவர் மத்தியில் நாரி நோ என்ற பேச்சு அடிக்கடி எழுகின்றது. குனிந்து நிமிர முடியாத நிலையில் வைத்தியரிடம் செல்கின்றோம். படம் எடுக்கின்றார்கள். "டிஸ்க் விலகியிருக்கிறது" என்கின்றார்கள். அந்த நிமிடமே வீடு இரண்டுபடுகின்றது. "வெட்டினால் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும்" என்பார் ஒருவர். "முதுகிலே கத்தி வைத்தால் கால் வழங்காது" என்பார் இன்னொருவர். இவ்விரண்டுமே அவசர முடிவுகள் என்பதே எமது கருத்து.

முள்ளென்புகளுக்கு நடுவே மெத்தை போல அமைந்தவையே டிஸ்க்குகள். வயது ஏற ஏற அவை தேய்வதும் சற்றுப் பிதுங்குவதும் தலைமயிர் நரைப்பதைப் போன்றதே. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், முதுகு நோவே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தனர். அவர்களில் 52 வீதமானோருக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கியிருந்தது. எனவே, படத்தில் தெரிவதெல்லாம் நோவுக்குக் காரணமாகிவிடாது.

பிதுங்கிய டிஸ்க் நரம்பை அழுத்தும்போது நோ நாரியிலிருந்து காலுக்கு இறங்கும். அப்போதுகூடப் பொறுத்திருக்க இடமுண்டு. நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வில், கடுமையான கால் நோவுடன் 6 முதல் 12 வாரங்கள் வருந்திய 283 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு விரைவில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. மற்றப் பிரிவினர் வேறு சிகிச்சைகளுடன் காத்திருந்தனர். அவர்களில் 39 வீதமானோருக்கே ஓராண்டுக்குள் சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. ஆண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 வீதமானோர் குணமடைந்திருந்தனர். சத்திரசிகிச்சை பெற்றவர்களுக்கு நோ விரைவாகத் தணிந்தது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. தாங்கமுடியாத நோவுடன் இருப்பவருக்கு அது சிறிய நன்மையன்று.

காலுக்கு இறங்காத வெறும் நாரி நோவின் கதை வேறு. அதற்காக முள்ளென்புகளை ஒன்றோடொன்று பொருத்தும் சத்திரசிகிச்சையை, ஆய்வுக்காக அன்றிச் செய்யவேண்டாம் என இங்கிலாந்தின் 2016ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி கூறுகின்றது.

அப்படியாயின் செய்யவேண்டியது யாது? பாயில் கிடப்பதன்று. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர ஊழியர் 186 பேரிடம் நடத்தப்பட்டு 1995இல் வெளியான ஆய்வில், படுத்திருந்தவர்களைவிட இயன்ற அளவு அன்றாட அலுவல்களைப் பார்த்தவர்களே விரைவில் தேறினர். நாள்தோறும் நடப்பது, சூட்டு ஒத்தடம், பிசியோதெரபி நிபுணர் காட்டித்தரும் பயிற்சிகள் ஆகியன உதவும். நோ மாத்திரைகளை வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் எடுத்தலாகாது. வேலை பறிபோய்விடும் என்றஞ்சி நோவை மறைத்துப் பாரம் தூக்குவோரும் எம்மிடையே உளர். சில வாரங்களுக்கு இலகுவான வேலை தரும்படி வைத்தியரின் கடிதத்துடன் முதலாளியைக் கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை.

ஆனால், பொறுமை ஆபத்தாகும் வேளையும் உண்டு. சிறுநீர் கழிக்க முடியாமற் போதல், மலசலம் அறியாமற் போதல், தொடைகளின் உட்புறமும் மறைவிடமும் மரத்துப்போதல், கால்கள் திடீரெனப் பலமிழத்தல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவேண்டும். அங்கே சத்திரசிகிச்சை தாமதித்தால் இழந்தது திரும்பாமலே போகலாம். மறைவிடம் பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டு எவரும் வீட்டில் இருந்துவிடக் கூடாது. காய்ச்சலோடு கூடிய முதுகு நோ, காரணமின்றி உடல் மெலிதல், முன்னர் புற்றுநோய் கண்டவருக்கு வரும் புதிய நோ ஆகியவற்றையும் தாமதமின்றிக் காட்டவேண்டும்.

மற்றவர்கள் கையொப்பமிடுமுன் வைத்தியரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். என் நோவுக்கு இந்த டிஸ்க்தான் காரணம் என்பது உறுதியா? இன்னும் சில வாரங்கள் பொறுத்தால் என்ன நேரும்? சத்திரசிகிச்சையால் கால் நோ தீருமா, நாரி நோவும் தீருமா? அதன் ஆபத்துகள் எவை? மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளையை அந்தப் பணிக்கு அழைத்துச் செல்லாதீர்கள். தாயின் மறைவிடம் மரத்துப்போனதை ஒரு சிறுவன் எவ்வாறு வைத்தியரிடம் சொல்வான்?

கத்தியும் ஒரு மருந்தே. எப்போது தேவை என்பதைக் கேட்டறிந்து முடிவு செய்வோம்.