கூரையடி அறையின் கணக்கு

சாய்கூரைக்கு அடியில் ஆள் புழங்கும் அறை அமைப்பதானால் மூன்று பரப்புகளைத் தனித்தனியே கணக்கிட வேண்டும்: தரையின் பரப்பு, தலை இடிக்காமல் புழங்கக்கூடிய பரப்பு, ஓடு வேயும் சரிவின் பரப்பு. ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டால் மதிப்பீடு தவறிவிடும். மூன்றுக்கும் அடிப்படை இரண்டே அளவுகள்தான்: வீட்டின் பாதி அகலம், கூரையின் சாய்வு.

திருவனந்தபுரத்தில் செங்குத்தான ஓட்டுக்கூரைக்குக் காரணம் மழை. பத்மநாபசுவாமி கோயிலருகே சுவாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகையில், இறவாணத்துக்கு அடியில் 122 மரக்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. சுவரைச் சாரலிலிருந்து காக்க இறவாணம் வெளியே நீள்வது இப்பகுதியின் வழக்கம். அந்த நீட்டமும் கணக்கில் சேர வேண்டும்.

6 மீட்டர் அகலம், 9 மீட்டர் நீளமுள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். கேரளத் தச்சுமுறையில் ஒரு கோல் 24 விரல், அதாவது 72 செ.மீ. அந்தக் கணக்கில் இவ்வீட்டின் அகலம் 8 கோல் 8 விரல். சாய்வு 45 பாகையானால் பாதி அகலமான 3 மீட்டரே முகட்டின் உயரமும் ஆகும். சுவரின் கனத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், தரையோடு தொடங்கும் கூரையில் ஓரத்திலிருந்து 1.5 மீட்டர் உள்ளே வந்த பிறகே, புழங்குவதற்கான எல்லையாக நாம் வைக்கும் 1.5 மீட்டர் உயரம் கிடைக்கும். 6 மீட்டரில் புழங்க உதவுவது நடுவிலுள்ள 3 மீட்டர் மட்டுமே, தரையில் சரிபாதி. சாய்வை 30 பாகையாகக் குறைத்தால் முகடு 1.73 மீட்டருக்கு இறங்கிவிடும். 1.5 மீட்டர் உயரம் கிடைக்கும் அகலம் ஏறத்தாழ 80 செ.மீ. மட்டுமே. அறை என்ற பேச்சுக்கே இடமில்லை, சாமான் போடும் பரணாகவே அது பயன்படும்.

இதற்கு மாற்று, ஓரச் சுவரைச் சற்று உயர்த்துவது. 45 பாகைக் கூரையை 1 மீட்டர் சுவரின்மேல் ஏற்றினால் 1.5 மீட்டர் உயரமுள்ள அகலம் 5 மீட்டராகிவிடும். ஆனால் இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சாய்கூரையின் கீழுள்ள வசிப்பறைக்குச் சராசரி உயரம் 2.75 மீட்டராவது வேண்டும் என்கிறது. மேற்சொன்ன அறையின் சராசரி, 1-க்கும் 4-க்கும் நடுவான 2.5 மீட்டர்தான். சராசரி கூடிவர ஓரச் சுவர் 1.25 மீட்டராக வேண்டும். உத்தரத்துக்கும் இறவாணத்துக்கும் அடியில் இருக்க வேண்டிய உயரத்துக்குத் தனி வரம்பு உண்டு. ஆகவே வரைபடத்தை உள்ளாட்சி அலுவலகத்தில் சரிபார்த்த பிறகே அந்த இடத்தை வசிப்பறை என்று குறிக்கலாம்.

பலர் ஏமாறுவது கூரையின் கனத்தில். கைமரமும் ரீப்பரும் அடிப்பலகையும் சேர்ந்து சரிவுக்குச் செங்குத்தாக 20 செ.மீ. என்றால், 45 பாகையில் அது நேர்உயரத்தில் 28 செ.மீ. ஆகும். எனவே மேற்கண்ட உயரங்களை ஓட்டின் மேலிருந்து அளக்கக் கூடாது, அடிப்பலகையின் கீழ்ப்பரப்பிலிருந்து அளக்க வேண்டும். படிக்கட்டும் முகட்டுக்கு நேர்கீழே வந்து முடிந்தால்தான் ஏறுபவர் தலை தப்பும்.

அடுத்தது பொருள் கணக்கு. இறவாணம் இரு பக்கமும் 75 செ.மீ., முக்கோணச் சுவர்களுக்கு வெளியே 60 செ.மீ. நீண்டால், மேலிருந்து பார்க்கும் கூரைப்பரப்பு 7.5 × 10.2 = 76.5 சதுர மீட்டர். இதை 45 பாகைக்கு 1.414-ஆலும் 30 பாகைக்கு 1.155-ஆலும் பெருக்கினால் சரிவின் பரப்பு முறையே 108, 88 சதுர மீட்டர். சதுர மீட்டருக்குச் சுமார் 15 மங்களூர் ஓடு என்று வைத்து, உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 45 பாகைக் கூரைக்கு ஏறத்தாழ 1,700 ஓடுகள் வேண்டும். முகட்டு ஓட்டை நீளத்தை வைத்துத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

கைமரத்தின் நீளம், இறவாணம் சேர்ந்த பாதி அகலமான 3.75 மீட்டரை 1.414-ஆல் பெருக்கக் கிடைக்கும் 5.30 மீட்டர். நாலுபுறமும் சரியும் கூரையானால் மூலைக் கைமரத்துக்கு 6.50 மீட்டர் வேண்டும். இரண்டையும் ஒரே நீளமாக வாங்கினால் மூலையில் மரம் எட்டாது. எல்லாப் பக்கமும் சாய்வு ஒன்றாக இருக்கும்வரை, சரிவின் பரப்பைக் காணும் பெருக்கல் இந்தக் கூரைக்கும் அப்படியே பொருந்தும்.