உங்களுக்குத் தெரியுமா? கறுப்பு மையின் கைவரிசை!

மாஹிம் ஸ்டேஷனில் ஹார்பர் லைன் ரயிலைப் பிடியுங்கள். கிங்ஸ் சர்க்கிள், வடாலா எல்லாம் தாண்டி சி.எஸ்.எம்.டி.யில் இறங்குங்கள். எதிரே டைம்ஸ் ஆஃப் இந்தியா கட்டடம். அதே சாலையில் கொஞ்சம் தள்ளி ஜே.ஜே. ஓவியப் பள்ளி. மைசூரிலிருந்து விண்ணப்பம் போட்ட ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையனுக்கு, ‘திறமை போதாது’ என்று இடம் மறுத்தது அந்தப் பள்ளிதான். பையன் பெயர்? ஆர்.கே.லக்ஷ்மண்! பிறகு அதே சாலையில், டைம்ஸில் உட்கார்ந்து அவர் வரைந்தது அரை நூற்றாண்டுக்கும் மேலே!

டைம்ஸுக்கு முன் ஃப்ரீ பிரஸ் ஜர்னலில் அவரோடு கார்ட்டூன் போட்டுக்கொண்டிருந்த சக ஊழியர் யார் தெரியுமா? பால் தாக்கரே! அவர் பிற்பாடு சிவசேனையைத் தொடங்கி என்ன செய்தார் என்பதை மாதுங்காத் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1951இல் பிறந்தார் லக்ஷ்மணின் ‘காமன் மேன்’. ஐம்பது வருஷத்துக்கு மேல் பத்திரிகையில் வந்தார். பேசிய வார்த்தைகள்? பூஜ்யம்!

பழைய படம் ஒன்று கிடைத்தால் கிட்டே வைத்துப் பாருங்கள். வழுக்கைத் தலையின் ஓரத்தில் கொஞ்சம் முடி. மூக்குக் கண்ணாடி. வேட்டி, மேலே கட்டம் போட்ட கோட்டு. வாயை மீசையே மூடிவிட்டது! கோபமா, திகைப்பா, ‘அட கஷ்டமே’யா? அத்தனையும் அந்தப் புருவம் எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்பதில் இருக்கிறது. இரண்டே இரண்டு கீற்று!

முதலில் லக்ஷ்மண் ஒரு கும்பலையே வரைந்தார். வங்காளி, தமிழர், பஞ்சாபி என்று ஊருக்கு ஓர் ஆள். அச்சுக்குப் போகும் அவசரத்தில் ஒவ்வொருவராய்க் கழற்றிவிட, கடைசியில் மிஞ்சியவர் இவர் ஒருவரே. நேரப் பஞ்சத்தில் பிறந்த நாயகன்! 1988இல் தபால்தலையிலும் ஏறிவிட்டார்!

ஒரு காலத்தில் ஏஷியன் பெயின்ட்ஸ் டப்பாவோடு நிற்பானே, ‘கட்டு’ என்ற குறும்புக்காரப் பையன்! அவனும் லக்ஷ்மண் பெற்ற பிள்ளைதான். வருஷம் 1954!

மனுஷருக்குக் காக்கை என்றால் பித்து! சின்ன வயதிலிருந்து வரைந்து தள்ளினார். கறுப்பு மைக்காரருக்குக் கறுப்புப் பறவை. பொருத்தம் எப்படி?

கொலாபாவில் கஃபே மோண்டெகார் சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? குடிப்பவர், முறைப்பவர், வழிபவர் என்று சுவர் முழுக்க ஜனம். வரைந்தவர் மரியோ மிராண்டா. முறைப்படி ஓவியம் கற்றவரே இல்லை! விருதுகளோ பத்மஸ்ரீ, பத்மபூஷண், பத்மவிபூஷண். மூன்றும்!

இனி சிரிக்க முடியாத ஒன்று. 1943, வங்கப் பஞ்சம். சித்தபிரசாத் என்ற இளைஞர் மேதினிப்பூர் கிராமங்களில் நடந்தே போய், எலும்பும் தோலுமாய்க் கிடந்தவர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். ‘ஹங்ரி பெங்கால்’ என்று புத்தகமானது. வெள்ளை அரசாங்கம் பதறிப்போய்ப் பறிமுதல் செய்து அழித்தது. துப்பாக்கியைக் கண்டா? வெறும் கோட்டைக் கண்டு! அச்சிட்டது 5,000 பிரதி. சித்தபிரசாத் பின்னர் நம்ம அந்தேரியில் பல காலம் வாழ்ந்தார் என்பது எத்தனை மும்பைக்காரருக்குத் தெரியும்?

அதே பஞ்சத்தை வரைந்த ஜைனுல் ஆபிதீனிடம் நல்ல காகிதம் வாங்கப் பணமில்லை. பொட்டலம் கட்டும் தாளில் வரைந்தார். மை? கரியைக் கொண்டு தானே தயாரித்தது! இன்று அவை வங்கதேசத்தின் பொக்கிஷம்.

தில்லானா மோகனாம்பாளுக்கும் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் விகடனில் முகம் கொடுத்த கோபுலுவை மறப்போமா? பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. மனிதர் விட்டாரா? இடது கைக்குப் பழக்கி மறுபடியும் வரைந்தார்! எனக்கு வலது கையிலேயே கோடு நேராய் வராது.

ஜூனியர் விகடனில் கி.ரா.வின் கரிசல் காட்டுக் கடுதாசிக்குப் படம் போட்ட ஆதிமூலத்தைத் தெரியும்தானே? 1969இல் காந்தி நூற்றாண்டு. எல்லோரும் மாலை போட்டுக்கொண்டிருக்க, இவர் பேனாவை எடுத்தார். வெறும் கோட்டிலேயே காந்தி, மறுபடி காந்தி, இன்னொரு காந்தி. மொத்தம் எத்தனை காந்தி?

நூறு!