துளையில்லா மூக்குத்தி

ஆடற்கலைக்கும் அணிகலனுக்கும் உள்ள உறவு தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக நிலவி வருவது. பரதநாட்டிய அரங்கிலே தோன்றும் பெண்ணின் தலையிற் சூரியப்பிறையும் சந்திரப்பிறையும், நெற்றியிற் சுட்டியும், காதில் தோடும் ஜிமிக்கியும் மாட்டலும், மூக்கில் மூக்குத்தியும் நத்தும் புல்லாக்கும் விளங்குதல் மரபு. இவற்றுள் தலையணிகளை நூலினாலும் ஊசியினாலும் கூந்தலோடு பிணைத்துக்கொள்ளலாம். காதணியும் மூக்கணியுமோ உடலிலே துளையை வேண்டி நிற்பன. அத்துளை இல்லாத பிள்ளை யாது செய்வாள்?

தெஹிவளையிலும் அதனை அடுத்துள்ள வெள்ளவத்தையிலும் நடனம் பயிலும் தமிழ்ச் சிறுமியர் பலர். நவராத்திரி விழா நெருங்கும்போது இவ்வினா பல வீடுகளில் எழுவதுண்டு. மேடையேறும் நாளுக்கு இன்னும் மூன்று வாரமே இருக்கிறது. மூக்கை இப்பொழுதே குத்திவிடலாம் என்கிறார் அம்மம்மா. பாடசாலையில் என்ன சொல்வார்களோ என்று தயங்குகிறார் தாய். மூக்குக்கு உரியவளாகிய பிள்ளையை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

முதலில் மூன்று வாரம் என்ற கணக்கை நோக்குவோம். காது மடலைக் குத்தினால் அப்புண் ஆற ஆறு முதல் எட்டு வாரம் வரை செல்லும். மூக்கு மடலுக்கு அதனினும் கூடிய காலம், பல மாதங்களும், வேண்டும். ஆறாத புண்ணின்மேல் ஆட்டத்துக்குரிய கனத்த நத்தை மாட்டி, வியர்வையும் ஒப்பனைப் பொடியும் படிய இரண்டு மணி நேரம் ஆடுதல் சீழ்கட்ட வழி செய்வதாகும். சிலருடைய தோலில் சிறு காயமும் தடித்த தழும்பாக வளர்ந்துவிடும் இயல்பு உண்டு. குடும்பத்தில் எவருக்கேனும் அத்தகைய தழும்பு இருப்பின் வைத்தியரைக் கேளாமல் ஊசியை எடுத்தல் ஆகாது.

காது குத்தும் வழக்கத்தைப் பழித்தல் இங்கு நோக்கமன்று. சுசுருத சங்கிதை குழந்தையின் காதைக் குத்தும் முறையை விரித்துரைக்கின்றது. காப்பின் பொருட்டும் அணியின் பொருட்டும் காது குத்தப்படும் என்பது அந்நூலின் கருத்து. எனினும், அதே நூல் அறுந்த காதை ஒட்டுவதற்குப் பதினைந்து முறைகளையும் வகுத்துக் கூறுகின்றது. அணியினால் விளையும் ஊறும் அக்காலத்தே அறியப்பட்டிருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, துளையின்றி அணியும் அணி பொய்யணி அன்றோ என்று சிலர் வினவுவர். மேடையிலே எல்லாமே ஒப்பனைதான். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் ஆடப்பெற்ற கூத்துகளில் ஆண்களே பெண் வேடமும் புனைந்தனர். இலேசான மரத்திற் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த அணிகளைக் கூத்தர் பூண்டனர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துகளைப் பேராதனையிலே புதுப்பித்து மேடையேற்றியபோது, மரபுவழி ஒப்பனையின் பொலிவைப் படித்த நகரத்தாரும் கண்டனர். கேரளத்துக் கதகளியிலும் காதணிகள் மரத்தினாற் செய்யப்பெற்றுக் கயிற்றாற் கட்டப்படுகின்றன. காண்போர் கண்ணுக்குப் பொன்னாகத் தோன்றுவதே அரங்கத்தின் நேர்மை.

துளையில்லா மூக்குத்தியை வீட்டிலேயே செய்து கொள்ளலாம். ஒரு மில்லிமீற்றரிலும் சற்று மெலிந்த, அதாவது 0.8 மில்லிமீற்றர் தடிப்புள்ள வெள்ளிக் கம்பி நான்கு சென்ரிமீற்றர் போதும். அதன் நிறை கால் கிராமுக்கும் குறைவே. கொழும்புச் செட்டியார் தெருவில் நகை செய்வோரிடம் இதனைக் கேட்டு வாங்கலாம். கம்பி மிக மெதுவானதாக இருப்பின் பிடிப்பு நில்லாது. ஓரளவு விறைப்புள்ளதாகத் தருமாறு கேட்டல் வேண்டும்.

முதலிற் கம்பியின் இரு முனைகளையும் சிறிய அரத்தினால் மழுக்க வேண்டும். பின்பு வட்ட மூக்குக் குறட்டினால் ஒரு முனையைச் சுருட்டி, மிளகிலும் சிறிய வளையமாக்க வேண்டும். அடுத்து, கம்பியிற் சிவப்புக் கல் ஒன்றையோ இரண்டு மூன்று முத்துமணிகளையோ கோத்து, மறு முனையையும் அவ்வாறே சுருட்டிவிடலாம். இவ்வளையங்கள் மணி கழன்று விழாமற் காப்பதோடு, கூரிய முனை தோலிற் படாமலும் காக்கும். கடைசியாகக் கம்பியை ஒரு பென்சிலின் மேல் வளைத்தால் ஏறக்குறைய முழு வட்டம் கிடைக்கும். இரு வளையங்களுக்கும் இடையே மூக்கு மடலின் தடிப்பிலும் சற்றுக் குறைந்த இடைவெளி இருத்தல் வேண்டும். ஒரு வளையம் மூக்கின் உட்புறத்திலும் மற்றையது வெளிப்புறத்திலும் அமர, கம்பியின் விறைப்பே அணியைத் தாங்கி நிற்கும்.

புல்லாக்கும் இம்முறையிலேயே அமையும். ஆனால் மணி கீழே தொங்க, இரு முனைகளும் இரண்டு நாசித் துவாரங்களினுள்ளும் புகுந்து, நடுத்தண்டின் மெல்லிய அடிப்பகுதியைப் பற்ற வேண்டும். கனத்த ஜிமிக்கியைக் கவ்வி மூலம் காது மடலிலே தொங்கவிடுதல் தகாது. மாட்டலைக் கூந்தலில் உறுதியாகக் குத்தி, அச்சங்கிலியே ஜிமிக்கியின் பாரத்தைச் சுமக்குமாறு செய்தல் வேண்டும்.

அணியை முடித்தவுடன் மேடைக்குக் கொண்டுசெல்லுதல் ஆகாது. ஒரு நாள் ஒத்திகையில் அணிந்து பார்த்தல் நன்று. பிடித்த இடம் வெளிறினாலோ, மரத்தாலோ, நொந்தாலோ இடைவெளியைச் சற்று விரிக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். அணிந்தவாறே உறங்குதல் கூடாது.

உலோகத்தைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். மலிவான வெள்ளை உலோக நகைகள் பலவற்றில் நிக்கல் கலந்திருக்கும். ‘ஜேர்மன் சில்வர்’ எனப் பெயர் பெற்ற கலவையில் வெள்ளி சிறிதும் இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமுமே உண்டு. நிக்கல் சிலருடைய தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். அவ்வொவ்வாமை ஒருமுறை தோன்றினால் வாழ்நாள் முழுவதும் நீடிப்பது வழக்கம். இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 1994 ஆம் ஆண்டில் அணிகலன்களில் நிக்கலுக்குக் கட்டுப்பாடு விதித்தது. பித்தளைக் கம்பி மலிவானது. ஆயினும் வியர்வையும் தெஹிவளையின் உப்புக் காற்றும் பட்டால் விரைவிற் கறுக்கும். புளியினால் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து வைத்தால் மீண்டும் ஒளி பெறும்.

கல் பதித்த ஒட்டுப்பொட்டை மூக்கில் ஒட்டிக்கொள்வாரும் உளர். சில மணி நேரத்துக்கு அது எளிய வழியே. ஆயினும் ஒட்டுப்பொட்டுகள் சிலவற்றின் பசையிலுள்ள இரசாயனப் பொருள், நாள்தோறும் ஒட்டிவருவோரின் தோலை வெண்மையாக்கிவிடுவதை மருத்துவர்கள் கண்டுள்ளனர். உடைந்த பொருள்களை ஒட்டும் கடும் பசையையோ தோலில் எவ்வகையாலும் பூசலாகாது.

எல்லாவற்றிலும் கொடியது காந்த மூக்குத்தி. வெளியே கல்லும் உள்ளே சிறு காந்தமுமாக விற்கப்படும் இவ்வணி நோவின்றி நிற்பதால் சிறுவரைக் கவர்கின்றது. இத்தகைய சிறு காந்தங்களால் நேர்ந்த விபத்துகளை இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகர மருத்துவர்கள் 2002 ஆம் ஆண்டில் எழுதி எச்சரித்தனர். காந்தங்கள் மூக்கினுள் நழுவி நடுச்சுவரின் இரு பக்கமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால் இடையிலுள்ள சதை இரத்தமின்றி அழியும். இரண்டை விழுங்கிவிட்டாலோ குடல் துளைபடும். ஆதலால் காந்தம் எவ்வடிவிலும் பிள்ளையின் மூக்கை அணுகலாகாது. அவ்வாறு நேர்ந்துவிட்டால் வீட்டில் கிண்டிப் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

விழா முடிந்த இரவு பொட்டையும் பூவையும் களையும்போது, அந்தச் சிறு வெள்ளிக் கம்பியும் கழன்று ஒரு தகரப் பெட்டியுள் அடங்கும். மூக்கிலோ ஒரு வடுவும் இராது. பின்னொரு நாள், வளர்ந்த பெண்ணாகி, தன் விருப்பத்தோடு அவள் மூக்குக் குத்திக்கொள்ளலாம், குத்தாமலும் இருக்கலாம். ஊசி இட்ட துளையை எளிதில் மீட்க இயலாது. கம்பி தந்த அழகையோ வேண்டியபோது எடுத்து அணியலாம். மூன்று வார அவசரத்துக்காகப் பிள்ளையின் முடிவைப் பெரியோர் முந்திக்கொள்ளாதிருக்க, கால் கிராம் வெள்ளி போதுமானது.