பனிக்குடத்து நீரும் அது சொல்லும் செய்தியும்



கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் நம் பெண்கள் பலர் ஒன்றை வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள். உடுத்திய துணி ஈரமாகிவிடுகிறது. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவது அந்த மாதங்களில் சகஜம். "இதுவும் அதுதான்" என்று துணியை மாற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். சிறுநீர் என்றால் பயமில்லை. பனிக்குடத்து நீர் என்றால்? இரண்டையும் எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்பதே இன்றைய பேச்சு. நான் மருத்துவர் அல்லேன், பள்ளி ஆசிரியர். படித்துத் தெரிந்துகொண்டதை உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன்.

பனிக்குடம் என்பது மெல்லிய பை. ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு சவ்வுகளால் ஆனது. 34ஆவது வாரத்தில் அதனுள் சுமார் 800 மில்லிலீட்டர் நீர் இருக்கும். அந்த நீர் குழந்தைக்கு மெத்தை. சவ்வு கிருமிகளைத் தடுக்கும் வேலி. வேலியில் ஓட்டை விழுந்தால் கிருமி உள்ளே நுழையலாம். 37 வாரம் நிறைவதற்கு முன் நீர் உடைந்தால் குழந்தை குறைமாதத்தில் பிறக்கக்கூடும். சில வேளைகளில் தொப்புள்கொடி குழந்தைக்கு முன்பே கீழே இறங்கி நசுங்கும். அப்போது ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

கசிந்தது எந்த நீர் என்று அறிய முன்பெல்லாம் நிறம் மாறும் காகிதத்தைப் பயன்படுத்தினார்கள். பிறப்புப் பாதை அமிலத்தன்மை உடையது. பனிக்குடத்து நீர் சற்றே காரத்தன்மை உடையது. காகிதம் நீலமானால் குடம் உடைந்தது என்று கொண்டார்கள். ஆனால் இரத்தம் கலந்தாலும், கிருமித் தொற்று இருந்தாலும் அதே நிறம் வரக்கூடும்.

இங்கேதான் புரதம் உதவுகிறது. ரப்பர்ப் பாலில் தண்ணீர் கலந்தாலும் கண்ணுக்கு அது வெள்ளையாகவே தெரியும். அதனால்தான் தோட்டத்தில் பாலை அளப்பதோடு நிற்காமல், அதிலுள்ள ரப்பர்ச் சத்தையும் சோதித்தார்கள். இதுவும் அப்படித்தான். 1970களில் சோவியத் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த ஒரு புரதம், பனிக்குடத்து நீரில் ஒரு மில்லிலீட்டருக்கு 2,000 நானோகிராமுக்குக் குறையாமல் இருக்கிறது. குடம் உடையாத பெண்ணின் பிறப்புப் பாதையிலோ அது ஒரு நானோகிராம்கூட இருப்பதில்லை. பஞ்சுக் குச்சியால் ஈரத்தை எடுத்து, மருந்து நீரில் கலக்கி, சோதனைத் தாளை அதில் வைத்தால் சில நிமிடங்களில் கோடு தெரியும். எல்லா மருத்துவமனைகளிலும் இது இருக்கும் என்பதில்லை. முதலில் மருத்துவர் நேரில் பார்த்தே சோதிப்பார். இன்னொன்று: கசிவு நின்று வெகு நேரமானால் இந்தச் சோதனையும் ஏமாறலாம். காலையில் கசிந்ததை மறுநாள் சொல்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

மற்றொரு புரதமும் உண்டு. ஃபைப்ரோநெக்டின் என்று பெயர். சவ்வையும் கருப்பையையும் ஒட்டவைக்கும் பசை போன்றது. 24 முதல் 34 வாரம் வரை அது பிறப்புப் பாதையில் அதிகம் தென்படக்கூடாது. தென்பட்டால் ஒட்டு விடத் தொடங்கியிருக்கலாம் என்று 1991இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது தென்படாவிட்டால் அடுத்த ஒரு வாரத்திற்குள் பிரசவம் ஆவது அரிது.

முன்கூட்டியே தெரிவதால் என்ன பயன்? குறைமாதக் குழந்தைக்கு மூச்சுத்தான் முதல் போராட்டம். தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிரும் என்பதை 1972இல் நியூசிலாந்தைச் சேர்ந்த லிக்கின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் காட்டினார்கள். அந்த மருந்து முழுப்பயன் தர ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாளை நாம் கூச்சத்தினால் இழக்கலாமா?

கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சிறுநீரில் புரதம் பார்க்கிறார்களே, அது வேறு. கர்ப்பகால இரத்த அழுத்த நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அது. அதையும் தவறவிடாதீர்கள்.

ஆகவே தாய்மார்களே, அடக்க முடியாமல் நீர் வந்தால், சிறிதாயினும், சுத்தமான துணியை வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தையும் நிறத்தையும் கவனியுங்கள். பச்சையாக இருந்தாலும், நாற்றம் வந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் மிஸ்ஸியிடம் மறக்காமல் சொல்லுங்கள். உள்ளே எதையும் வைக்காதீர்கள். வயிற்றை உருவிவிடச் சொல்லாதீர்கள். கர்ப்பிணிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். கொடி வெளியே தெரிந்தால் இடுப்பை உயர்த்திப் படுத்துக்கொள்ள, வீட்டார் 999ஐ அழைக்கட்டும்.

புந்தோங்கில் இருப்பவர்களுக்கு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை தூரமில்லை. சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டங்களுக்குள் இன்னும் குடியிருப்போர், அவசரத்திற்கு யார் வண்டி கிடைக்கும் என்பதை ஏழாம் மாதத்திலேயே கேட்டு வையுங்கள். மாமியார்மார்களே, மருமகள் துணி நனைந்தது என்றால், "எல்லாருக்கும் வருவதுதான்" என்று சொல்லிவிடாதீர்கள். போய்ப் பார்த்துச் சிறுநீர்தான் என்று தெரிந்தால் சிரித்துக்கொண்டே வீடு திரும்பலாம்.